கெட்ட ரத்தம் என்று எதுவும் இல்லை

சூசாமிர் மேய்ச்சல் வெளியில் உல்கானுக்கு வாய்க்காரி என்று பெயர். பொய்யாக வைத்த பெயர் இல்லை. முப்பத்தொரு கோடை அந்தப் புல்வெளியில் பெட்டைக் குதிரைகளைக் கறந்திருக்கிறாள். முப்பத்தொரு கோடையும் யாரையாவது திட்டிக்கொண்டேதான் கறந்திருக்கிறாள். குதிரை நகர்ந்தால் குதிரைக்குத் திட்டு. நகராமல் நின்றால் மழைக்கு. மழையும் பெய்யாவிட்டால் சாலையில் லாரி ஓட்டிப் போகிற யாரோ ஒருவனுக்கு. ஆனால் அவள் கையில் புளித்த குமிஸுக்கு, அந்தப் புளித்த குதிரைப்பாலுக்கு, ஈடு அந்தச் சாலையில் வேறு கிடையாது என்பதை அவளைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள். பிஷ்கெக் நகரத்திலிருந்து ஓஷ் நகரத்துக்குப் போகிற வண்டிகள் பத்துக் கூடாரங்களைத் தாண்டி வந்து அவள் கூடாரத்தின் முன்னால்தான் நிற்கும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கறவை. கறந்த பாலைப் புகை காட்டிய தோல்பையில் ஊற்றி, பழைய குமிஸை உறையாக விட்டு, நீண்ட மத்தால் கை ஓயும் வரை அடிக்க வேண்டும். கை ஓய்ந்த பிறகும் அடிக்க வேண்டும், அதுதான் ரகசியம் என்பாள் உல்கான். சோம்பேறி அடித்த குமிஸ் சோம்பேறி மாதிரியே வயிற்றில் படுத்துக்கொள்ளும் என்பது அவள் கட்சி.

குதிரைகளில் பதினொன்று அவளுடைய கணவனின் அண்ணன் மெதர்பெக்குக்குச் சொந்தம், நான்கு அவளுடையவை. மெதர்பெக்குக்கு அறுபத்தொரு வயது. அகலமான மனிதர், குரலும் அகலம். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் முடிய, நகரத்திலிருந்து நோயாளிகளும் நோய் இருப்பதாக நினைப்பவர்களும் 'பத்து நாள் வைத்தியத்துக்கு' அவருடைய கூடாரங்களில் வந்து தங்குவார்கள். ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர், மூன்று லிட்டர் குமிஸ் குடிப்பார்கள். பழக்கமில்லாத வயிறு என்ன செய்யும்? முதல் மூன்று நாள் கலங்கிக் கொட்டும். அதற்கு அங்கே பயப்படுபவர் யாரும் இல்லை. சந்தோஷப்படுவார்கள். "உள்ளே இருக்கிற அழுக்கு இறங்குது" என்பார்கள். அழுக்கோடு கொஞ்சம் ரத்தம் வந்தால் இன்னும் சந்தோஷம். "கெட்ட ரத்தம். போகட்டும்."

இந்த 'போகட்டும்' என்கிற சொல்லைத்தான் உல்கானால் மன்னிக்க முடியவில்லை. ஏனென்றால் அதைச் சொன்ன வாய் அவளுடையது.

அவள் கணவன் பெய்ஷெனாலி நல்ல குதிரைவீரன், சிரிப்புக்காரன். பெண்டாட்டி திட்டத் திட்ட, யாரையோ திட்டுகிறாள் என்பது போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பான். ஒரு ஜூலையில் கழிப்பிட மறைப்புக்குப் போய்விட்டு வந்தவன் சொன்னான்.

"ஏய் உல்கான், ரத்தமும் சேர்ந்து வருதுடி."

"வரட்டும்யா. கெட்ட ரத்தம். குமிஸ் வேலை செய்யுது."

அன்றைக்கு அவனுக்கு ஒரு கிண்ணம் கூடுதலாக ஊற்றினாள். சங்கதி கேள்விப்பட்டு வந்த மெதர்பெக் தம்பிக்குத் தன் கையால் இன்னொன்று ஊற்றினார். அந்தக் கோடை முழுக்க இப்படியே போனது. நவம்பரில் அவனால் குதிரை மேல் ஏற முடியவில்லை. நகரத்து வைத்தியர்கள் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடித் தைத்தார்கள். பெருங்குடலில் வந்த புற்றுநோய் ஈரல் வரை ஏறியிருந்தது. மார்ச்சில், பனி உருகுவதற்குள், புதைத்தாயிற்று.

நாற்பதாம் நாள் முடிந்ததும் உல்கான் மறுபடி மேய்ச்சல் வெளிக்கு வந்தாள், கறந்தாள், மத்தால் அடித்தாள். ஆனால் தோல்பையைப் பார்க்கும்போதெல்லாம் இதை நம்பித்தானே அவனைக் கொன்றேன் என்று நினைத்தாள். இதுதானே முப்பது வருடம் என் வீட்டுக்குச் சோறு போட்டது என்றும் நினைத்தாள். இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது?

அவனைப் புதைத்த அந்த வருட ஜூலையில்தான் பெரிசாத் வந்தாள். பிஷ்கெக்கில் ஏதோ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண், இருபத்தேழு வயசு இருக்கும். குளிர்பெட்டியும் கண்ணாடிக் குப்பிகளுமாகக் கூடாரம் கூடாரமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"இதை எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவே?" என்று கேட்டாள் உல்கான்.

"உங்க குமிஸ்ல என்னென்ன கிருமி இருக்குன்னு பாப்போம் அக்கா."

"கிருமியா? என் பையிலயா? நாக்கை அறுத்துப்புடுவேன். நான் தோலுக்கு எத்தனை நாள் புகை காட்டுறேன்னு தெரியுமா உனக்கு?"

"ஐயோ, நல்ல கிருமி அக்கா. அது இல்லாட்டி உங்க பால் புளிக்கவே புளிக்காது. நீங்க உறைன்னு சொல்றீங்களே, அது பூரா கிருமிதான்."

உல்கான் மத்தை வைத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னாள். ரொட்டியை எடுத்து வைத்தாள். பிறகு, மனசில் மாதக்கணக்காகக் கிடந்ததை எடுத்துப் போட்டாள்.

"என் புருஷன் இதை முப்பது வருஷம் குடிச்சான். குடல்ல புத்து வந்து செத்தான். நீ படிச்சவ. நேராச் சொல்லு. இது மருந்தா, விஷமா?"

பெரிசாத் ரொட்டியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"ரெண்டும் இல்லை அக்கா. குடலுக்குள்ள கோடிக்கணக்குல கிருமிங்க குடியிருக்கு. சிலது காக்கும், சிலது கெடுக்கும். கெடுக்கிறதுங்க கை ஓங்கினா குடல் சுவர் புண்ணாகி, வருஷக்கணக்கா வீங்கிக் கிடக்கும். அந்த இடத்துல கட்டி வர வாய்ப்பு அதிகம். இந்தப் புளிப்புக் கிருமிங்க உள்ளே போனா, கெட்டதுங்களுக்கு இடம் குடுக்காம அடைச்சுக்கலாம், வீக்கத்தைக் குறைக்கலாம். எலிங்களுக்குக் குடுத்துப் பாத்ததுல கட்டி குறைச்சலா வந்திருக்கு."

"எலி கெடக்கட்டும். மனுஷனுக்கு?"

"தயிரு, மோரு நிறைய சாப்பிடுறவங்களுக்குக் கொஞ்சம் கம்மியா வருதுன்னு சில ஆய்வு சொல்லுது. சிலது அப்படிச் சொல்லலை. உதவலாம் அக்கா. அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும். மிச்சம் எங்களுக்கே தெரியாது."

குமிஸைப் பற்றி உல்கானிடம் பேசிய அத்தனை பேரும் எல்லாம் தெரிந்தவர்கள். முல்லா, மூலிகைக்காரி, டிவியில் பேசுகிறவன், எல்லோரும். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் இந்தப் பெண்தான். அதனாலேயே அவள் சொன்னதை நம்பலாம் என்று உல்கானுக்குப் பட்டது.

"இன்னொண்ணும் இருக்கு," என்றாள் பெரிசாத். "குடல்ல இருக்கிற நல்ல கிருமிக்குக் கறியும் கொழுப்பும் சாப்பாடு இல்லை. பார்லி, காய், கீரை, இப்படி நார் உள்ளதைத் தின்னாதான் அதுங்க குடலுக்கு வேண்டிய சத்தைத் தயார் பண்ணும். நீங்க காலைல கறி, மத்தியானம் கறி..."

"கீரையை ஆடு திங்குது. ஆட்டை நாங்க திங்கிறோம். சரியாப் போச்சே."

பெரிசாத் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னாள்.

"ஆனா ஒண்ணு. வளர்ந்துட்ட கட்டியை எந்தக் குமிஸும் கரைக்காது. ரத்தம் வந்தா ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஐம்பது தாண்டியாச்சுன்னா வராட்டியும் ஒரு தடவை பின்பக்கமா குடலுக்குள்ள குழாய் விட்டுப் பாத்துடணும். கெட்ட ரத்தம்னு ஒண்ணு கிடையாது அக்கா. ரத்தம் வந்தா எங்கேயோ புண் இருக்குன்னு அர்த்தம்."

வெள்ளம் வருமுன் அணை போடு என்று சொல்வது சுலபம். வெள்ளத்தில் ஒருவரைப் பறிகொடுத்தவளிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். பெரிசாத் போன பிறகு உல்கான் குதிரைகளுக்கு நடுவில் போய் நின்று அழுதாள். அன்றைக்கு யாரையும் திட்டவில்லை, அதைப் பார்த்துப் பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் பயந்தே போனார்கள்.

செப்டம்பரில் கூடாரத்தைப் பிரித்ததும் நேராக நகரத்துக்குப் போனாள். தனியாகத்தான் போனாள். முதல் நாள் பட்டினி போட்டு, வயிற்றைக் கழுவ ஒரு மருந்தைக் குடிக்கச் சொன்னார்கள். "இதுக்கு என் குமிஸே தேவலாம்" என்று நர்சிடம் சண்டை போட்டாள். ஐம்பத்துநாலு வயசில் முன்பின் தெரியாத ஒரு ஆண்பிள்ளைக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள். குடலுக்குள் இரண்டு சதை மொட்டுகள் இருந்தன. உளுந்து அளவில் ஒன்று, மொச்சை அளவில் ஒன்று. குழாய் வழியாகவே கிள்ளி எடுத்துவிட்டார்கள். விட்டுவைத்திருந்தால் பெரியது பத்து வருடத்தில் புற்றாகியிருக்கக்கூடும் என்றார் வைத்தியர். முப்பத்தொரு கோடை தினம் குமிஸ் குடித்த குடல் அது. குமிஸ் குடிக்காமல் இருந்திருந்தால் இரண்டு மொட்டு ஐந்தாக இருந்திருக்குமோ என்னமோ, யார் கண்டது? உல்கான் தன் குமிஸை அதற்குப் பிறகும் விடவில்லை. கூடவே பார்லியும் முட்டைக்கோசும் தின்ன ஆரம்பித்தாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

அடுத்த ஜூனில் மலை ஏறியதும் அவள் செய்த முதல் வேலை, மெதர்பெக் சாலையோரம் நட்டிருந்த பலகையில் கை வைத்தது. 'நுரையீரல், இரைப்பை, குடல், புற்றுநோய் அனைத்துக்கும் சூசாமிர் குமிஸ்' என்று அதில் எழுதியிருக்கும். தோல் சுரண்டுகிற கத்தியை எடுத்துப்போய், புற்றுநோய் என்கிற சொல்லை மரம் தெரியும் வரை சுரண்டிவிட்டாள்.

மெதர்பெக் வந்து குதித்தார். "ஏம்மா, உனக்குப் பித்துப் பிடிச்சிருக்கா? நாலு பேர் நம்பி வர்ற இடம்!"

"நம்பி வர்றதாலதான் சுரண்டினேன் பெரியவரே. குமிஸ் நல்லதுன்னு நானே சொல்றேன். வந்த நோயைத் தீர்க்கும்னு சொன்னா என் நாக்கு அழுகிடும்."

"நம்ம தாத்தன் பாட்டன் குடிச்சாங்க. அவங்களுக்கென்ன புத்தா வந்துச்சு?"

"வந்துச்சோ என்னமோ. அவங்களும் கெட்ட ரத்தம்னு சொல்லிக்கிட்டே போய்ச் சேர்ந்திருப்பாங்க."

பதில் சொல்ல வாயைத் திறந்தவர், சட்டென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறைப்புப் பக்கம் நடந்துவிட்டார். அவருடைய இடுப்பு வாரில் புதிதாக ஒரு துளை போட்டிருப்பதை உல்கான் அப்போதுதான் கவனித்தாள். அகலமான மனிதர் எப்போது இவ்வளவு குறுகினார்?

மறைப்பைச் சாம்பல் போட்டுக் கழுவுவது அவள் வேலை. அன்று கழுவப் போனவள் கால் வைக்கிற பலகையில் சிவப்பைப் பார்த்தாள். நோயாளிகள் யாரும் இன்னும் வந்து சேரவில்லை. அவருக்குப் பிறகு அங்கே யாரும் போகவும் இல்லை. சாம்பல் சட்டியைக் கீழே வைத்தாள். பிறகு நேராகப் போய் அவரிடம் கேட்டாள்.

"எத்தனை நாளா?"

அவருக்கு எதைப் பற்றி என்று தெரிந்துவிட்டது. முகம் இறுகியது. "பனிக்காலத்திலேர்ந்து. அதுக்கென்ன இப்போ? புதுக் குமிஸ் ஆகட்டும், ரெண்டு கிண்ணம் போட்டா எல்லாம் இறங்கிடும். கெட்ட ரத்தம். இதை வெளியில எங்கேயாவது சொன்னே, பாத்துக்க. குமிஸ் வைத்தியம் பண்றவனுக்கே குடல் சரியில்லைன்னா ஒரு பய வருவானா?"

"ஒரு தடவை பாத்துட்டு வந்துடுங்க. நான் போகலையா?"

"நீ போவே. நான் ஆம்பளை. எனக்குப் பின்னால குழாயை விடுற ஆள் இன்னும் பொறக்கலை."

அவருடைய மனைவி பாத்மாவுக்குக்கூடத் தெரியாது. தெரிந்தது உல்கானுக்கு மட்டும்தான். சொல்லாமல் இருந்தால் இன்னொரு மார்ச். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். பதினொரு குதிரைகள் அவருடையவை.

நாலாம் நாள் கோடையின் முதல் குமிஸைச் சுவைக்கும் விருந்து. முதல் தோல்பை புளித்ததும் சுற்று வட்டாரமே கூடும். வீட்டுப் பெரியவர் முதல் கிண்ணத்தை வாங்கி, வாழ்த்துச் சொல்லி, வாய் வைத்த பிறகுதான் மற்றவர்கள் குடிக்கலாம். அன்று முப்பது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மெதர்பெக், வெள்ளைத் தொப்பியோடு. உல்கான் தோல்பைப் பக்கத்தில் அகப்பையோடு உட்கார்ந்திருந்தாள். அவர் கிண்ணத்தை நீட்டினார். அவள் ஊற்றவில்லை.

"என்னம்மா, தூங்கறியா?" என்றார்.

"ஊத்த மாட்டேன்."

விளையாட்டு என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க. அப்புறம் ஊத்துறேன்."

"வாயை மூடு," என்றார் மெதர்பெக், தாழ்ந்த குரலில்.

அவர்கள் வழக்கத்தில், மருமகளாய் வந்தவள் கணவனுக்கு மூத்தவர்களைப் பெயர் சொல்லக் கூடாது. செத்தாலும் சொல்லக் கூடாது. உல்கான் வாழ வந்த முப்பத்திரண்டாவது வருடத்தில் எழுந்து நின்று, முப்பது பேர் முன்னால் சொன்னாள்.

"மெதர்பெக்! உங்களுக்கு ரத்தம் போகுது. பனிக்காலத்திலேர்ந்து போகுது. உங்க தம்பிக்குப் போன அதே ரத்தம்!"

யாரோ ஒரு கிழவி அல்லாவைக் கூப்பிட்டாள். பாத்மா கணவனைப் பார்த்தாள், அவர் தரையைப் பார்த்தார்.

"கெட்ட ரத்தம்னு சொல்லி அவனுக்கு ஊத்தினது நான். என் கையால ஊத்தினேன். இன்னொரு தடவை ஊத்தறதுக்கு இந்தக் கை வராது. இதைக் கேட்டுக்கிட்டிருக்கிற எல்லாருக்கும் சொல்றேன். என் குமிஸைக் குடிங்க, உடம்புக்கு நல்லதுதான், நோய் வராம இருக்க ஒருவேளை உதவும். வந்ததுக்கு அது வைத்தியம் இல்லை. எனக்கும் பின்னால குழாய் விட்டாங்க. செத்தா போயிட்டேன்? இதோ நின்னு உங்களைத் திட்டிக்கிட்டு இருக்கேன். ரெண்டு மொட்டைக் கிள்ளி எடுத்தாங்க. வெக்கமா இருந்துச்சு. வெக்கப்பட்டுச் சாகறதுக்கு வெக்கப்பட்டுப் பொழைக்கிறது மேல்."

மெதர்பெக் எழுந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. "என் குதிரைங்க இனி உன் கயித்துல ஒரு நாள் நிக்காது."

"ஓட்டிக்கிட்டுப் போங்க. பதினொண்ணையும் ஓட்டிக்கிட்டுப் போங்க. நாலு போதும் எனக்கு. ஊத்த மாட்டேன்னா ஊத்த மாட்டேன்."

அப்போது பாத்மா தன் கையிலிருந்த கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். கணவன் முன்னால் நாற்பது வருடத்தில் அவள் செய்த முதல் எதிர்ப்பு அதுதான். அன்று யாரும் குடிக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். சாயங்காலத்துக்குள் உல்கான் பெரியவரைப் பெயர் சொல்லி ஏசிய கதை கணவாய்க்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. சொன்ன வாயை அழுக விட வேண்டும் என்றவர்கள் உண்டு. பின்னாலேயே அவள் கூடாரத்துக்கு வந்து, குனிந்து, எந்த ஆஸ்பத்திரி என்று மெதுவாகக் கேட்டவர்களும் உண்டு.

மெதர்பெக் சொன்னபடி பதினொரு குதிரைகளையும் ஓட்டிக்கொண்டு போனார். ஒரு வாரம் பாத்மா அவரோடு பேசவில்லை. எட்டாம் நாள் அவர் வண்டியை எடுத்தார். "ஒண்ணும் இல்லைன்னு காகிதம் வாங்கிட்டு வந்து அந்தப் பொம்பளை மூஞ்சியில எறியறேன்" என்று சபதம் போட்டுக்கொண்டு போனார். வைராக்கியத்திலாவது போனாரே என்று உல்கான் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

காகிதத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கவில்லை. பெருங்குடலில் கட்டி இருந்தது. ஆனால் தம்பிக்குப் போல ஈரல் வரை ஏறவில்லை. ஜூலையில் வெட்டி எடுத்தார்கள். பக்கத்து நிணநீர்க் கணு ஒன்றில் லேசாக ஒட்டியிருந்ததால், மிச்சப் புற்றை அழிக்க ஊசி மருந்து தொடங்கினார்கள். செய்தி கொண்டுவந்தது பாத்மாதான். சொல்லிவிட்டு உல்கானைக் கட்டிக்கொண்டாள்.

உல்கானின் நான்கு குதிரைகளுக்கு அந்தக் கோடையில் ஓய்வில்லை. குமிஸ் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு வருகிறவர்களைத் திட்டி அனுப்புவாள்.

செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு காலை மெதர்பெக் வந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது, வயிற்றுப் பக்கம் குடல் கழிவு சேரும் பை ஒன்று கட்டியிருந்தது. முகம் வெளுத்திருந்தாலும் குரல் மட்டும் அதே அகலம். கூடாரத்துக்குள் நுழைந்து, யாரும் சொல்லாமலே உட்கார்ந்து, கிண்ணம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"போயிட்டு வந்துட்டேன். ஊத்து."

"ஊசி மருந்து முடிஞ்சுதா?"

"இன்னும் நாலு மாசம் இருக்கு."

"டாக்டர் என்ன சொன்னார்? காய்ச்சாத பாலு, குமிஸ், எதுவும் கூடாதுன்னு சொல்லியிருப்பாரே. ஊசி போடற வரைக்கும் உடம்புல எதிர்க்கிற சக்தி இருக்காது. அப்ப நல்ல கிருமியே கெடுதல் பண்ணலாமாம். பாத்மா அக்கா சொன்னாங்க."

"சொன்னான். அவனுக்கென்ன தெரியும்? ஊத்து."

"மாட்டேன்."

"அப்பவும் மாட்டே, இப்பவும் மாட்டே! என் தம்பி உன்னைக் கட்டினானா, இல்லை என் தலையெழுத்தைக் கட்டினானா?"

"கத்துங்க. நல்லாக் கத்துங்க. கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

உண்மையாகவே அந்தக் கத்தல் அவளுக்கு இனித்தது. பெய்ஷெனாலி கடைசி மாதத்தில் கத்தவில்லை. கத்த அவனிடம் மூச்சு இல்லை. மெதர்பெக் இன்னும் இரண்டு வசவு வைதார், பிறகு களைத்துப்போய்க் கூடாரத்துக் கழியில் சாய்ந்துகொண்டார். வெளியே குட்டி ஒன்று தாயைத் தேடிக் கனைத்தது. மறுபடி அவர் பேசியபோது குரலில் சண்டை இல்லை.

"அவனுக்கும் நீ இப்படி ஊத்தாம இருந்திருக்கலாம்."

உல்கானுக்கு அது நெஞ்சில் இறங்கியது. அவர் சொல்லாவிட்டாலும் அவள் தினம் தனக்குச் சொல்லிக்கொள்கிற வார்த்தைதான் அது. கண் நிறைந்தது, துடைக்கவில்லை.

"ஆமா. இருந்திருக்கணும். எனக்குத் தெரியல. உங்களுக்கும் தெரியல, நீங்களும்தான் ஊத்தினீங்க. இப்ப நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். கிண்ணத்தைக் கீழே வைங்க, மெதர்பெக்."

அவர் கீழே வைத்தார்.